அடுப்பை நகர்த்திய கோடை

எனக்கு வாசனை தெரியாமல் போன அதே ஞாயிற்றுக்கிழமைதான் என் வீட்டுக்காரர் அடுப்பை ஜன்னல் பக்கம் நகர்த்தி வைத்தார். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று பன்னிரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். புத்தி அப்படி.

அன்று காலையில் வெங்காயம் நறுக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது, மூக்குக்கு ஒன்றும் வரவில்லை. காப்பிப் பொடி டப்பாவைத் திறந்து முகத்தையே உள்ளே விட்டேன். வெறும் டப்பா. குளியலறைக்குப் போய் சோப்பு, பினாயில், அவருடைய அழுக்குச் சட்டை என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பதினைந்து வருஷமாக மூக்கைப் பிடித்துக்கொண்டு, திட்டித் திட்டித் துவைத்த சட்டை அது. அதிலேயே ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் முன்னால் வந்த உடம்பு வலியை வேலை அசதி என்று நினைத்தது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று அப்போதுதான் உறைத்தது.

ரேடியோவில் மணிக்கொரு தரம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாசனை தெரியவில்லை என்றால் உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்று. அதற்கு ஒரு மாதம் முன்னால் மேல் வீட்டுத் தபால்காரர் அழைத்தார். நேர்மையான மனுஷர். பத்தே நிமிஷத்தில் வெள்ளை வண்டி வந்துவிட்டது. ஒன்றல்ல, இரண்டு. மூக்கு போனவர்களுக்கு ஓர் இடம், போகாதவர்களுக்கு வேறோர் இடம். கைக்குழந்தையானாலும் அதே சட்டம்தான். அவரை ஒன்றில் ஏற்றினார்கள், அவர் மனைவியை இன்னொன்றில். வாசல் கதவில் மஞ்சள் நாடா ஒட்டினார்கள். மூன்று வாரம் கழித்து மனைவி திரும்பி வந்தார். அவர் வரவில்லை. இப்போதெல்லாம் எங்கள் தலைக்கு மேலே ஒரே ஒரு ஆள் நடக்கும் சத்தம்தான் கேட்கும்.

நான் எதற்கு வாயைத் திறக்கப் போகிறேன்? பெரியவளுக்குப் பதிமூன்று வயது, எப்படியாவது சமாளித்துக்கொள்வாள். சின்னதுக்கு இன்னும் ஐந்து முடியவில்லை. என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டால்தான் அதற்குத் தூக்கமே வரும். அதைத் தனியாக எவனோ ஒருவன் கவச உடுப்பு மாட்டிக்கொண்டு வண்டியில் ஏற்றுவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி இருந்துவிட்டேன்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான், ஆனாலும் சொல்கிறேன். அந்தக் கோடை நன்றாக இருந்தது.

வெளியே ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். அவருக்குக் கேஸ் கம்பெனியில் வேலை. வீடு வீடாகப் போய் எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்து அடைப்பவர். ஞாயிறு, விடுமுறை, பிள்ளைகளின் பிறந்தநாள், எதுவும் அவருக்குக் கிடையாது. சாப்பாட்டில் கை வைக்கும்போதுதான் போன் வரும். அவர் குழுவில் ஒருவருக்கு நோய் வந்ததும் குழுவையே வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். கசிவு பார்க்கும் மீட்டர், கருவிப் பை எல்லாவற்றையும் மருந்தடிக்க வேண்டும் என்று ஆபீஸிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். நான் வேலை பார்த்த பள்ளிக்கூட அலுவலகமும் மூடிக் கிடந்தது. கல்யாணமாகி முதல் தடவையாக நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் விழித்திருந்தோம்.

காலையில் மொட்டை மாடியில் பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி மூவரும் கொட்டம் அடிப்பார்கள். பெரியவளுக்கு அவர் சைக்கிள் செயினைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொடுத்தார். சின்னதுக்கு அவரே முடி வெட்டினார். கோழி கொத்தின மாதிரி வெட்டிவிட்டு, "பாரு, சினிமா நட்சத்திரம்" என்றார். மத்தியானம் திரையை இழுத்துவிட்டு நாலு பேரும் ஒரே அறையில் தரையில் படுத்துத் தூங்குவோம். எழுந்திருக்கும்போது தலை கனக்கும். வெயில் மயக்கம் என்று சொல்லிவிட்டு மறுபடி படுப்போம். ஒரு வேலையும் ஓடிப்போய்விடாது என்று இருந்தோம்.

அப்படிச் சும்மா இருக்க முடியாமல்தான் அவர் சமையலறையைப் பிடித்துக்கொண்டார். "இந்த வெக்கையில நீ வேகுற. அடுப்பக் காத்து வர்ற பக்கம் வைக்கிறேன், இரு" என்றார். பழைய பலகைகளை அறுத்துப் புது அலமாரி செய்தார், அடுப்பை இரண்டு முழம் தள்ளி ஜன்னலடியில் வைத்தார். நீளமான ரப்பர் டியூப் போட்டார். அலமாரி கனமானது. அதை நகர்த்திச் சுவரோரம் நிறுத்தியபோது சுவரில் கேஸ் குழாயை மூடித் திறக்கும் வால்வு அதன் பின்னால் போய்விட்டது. தினமும் சமையல் முடிந்ததும் வால்வை மூடுகிற பழக்கம் எங்களுக்கு உண்டு. கை எட்டவில்லை என்று அன்றோடு விட்டுவிட்டோம். ஊரார் வீட்டிலெல்லாம் வால்வை மூடச் சொல்லிச் சண்டை போடுகிறவர் வீட்டில் அப்படி.

எல்லாம் முடிந்ததும் குனிந்து டியூப் இணைப்பில் மூக்கை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். "சுத்தம்" என்றார். அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. கம்பெனியில் அவருக்குப் பெயரே மூக்கண்ணன். மீட்டர் முள் அசைவதற்கு முன்னால் இவர் படிக்கட்டிலேயே நின்று மூன்றாவது மாடி, இடது பக்கம் என்று சொல்லிவிடுவாராம். நானும் கேலி செய்வேன், உள்ளுக்குள் பெருமைதான். என் மூக்கு போனால் என்ன, வீட்டில் இவர் மூக்கு இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன்.

மறுநாள் சின்னது சமையலறை வாசலில் நின்று மூக்கைச் சுருக்கியது. "அம்மா, நாத்தம். அழுகின முட்ட நாத்தம்."

அவரைப் பார்த்தேன். அவர் அடுப்படிக்குப் போனார், குனிந்தார், முகர்ந்தார். "ஒண்ணும் இல்லடா செல்லம்" என்றார். என்னைத் திரும்பிப் பார்த்து, "உனக்கு ஏதாவது வருதா?" என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் வரலையே" என்றேன். அது பொய்யும் இல்லை.

"உன் காலு நாத்தமா இருக்கும், போய்க் கழுவு" என்றாள் பெரியவள், போனிலிருந்து தலையைத் தூக்காமலே. எல்லோரும் சிரித்தோம். சின்னது நிஜமாகவே போய்க் காலைக் கழுவிக்கொண்டு வந்தது.

அதற்கு அடுத்த நாளும் சொன்னது. அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு தடவையும் அவர் குனிவார், முகர்வார், ஒன்றும் இல்லை என்பார். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்வார். நான் ஆமாம் போடுவேன். பெரியவள் 'நாத்தக்காரி' என்று பட்டம் கட்டினாள். ஒரு நாள் அது சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து கூடத்துக்குப் போய் உட்கார்ந்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. பயந்தவளுக்குக் கோபம்தானே முதலில் வரும். "நல்ல புள்ளையா இருந்தா இப்படியெல்லாம் சொல்லாது. இன்னொரு தடவ நாத்தம் கீத்தம்னு சொன்ன, பொறந்தநாளும் கிடையாது, கேக்கும் கிடையாது" என்றேன். உதடு பிதுங்கியது. அதன் பிறகு அது சொல்லவில்லை.

நான் சொன்னதைக் கேட்டு நடந்தது, அவ்வளவுதான். எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது.

இதற்கு நடுவில் கண்ணுக்கு முன்னால் எத்தனையோ நடந்தது. ஒரு நாள் பால் பொங்கி வழிந்து அடிப்பிடித்துக் கருகும் வரை பெரியவள் பக்கத்திலேயே உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தாள். போனைப் பிடுங்கி இரண்டு திட்டு திட்டினேன். இன்னொரு நாள் திரிந்துபோன பாலில் தெரியாமல் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "அருமையா இருக்கு" என்றார். என்னைப் புண்படுத்த மனமில்லாமல் சொல்கிறார் என்று நினைத்து அன்று முழுக்க அவர்மேல் தனிப் பிரியத்தோடு இருந்தேன். பத்தாம் நாள் அடுப்பைப் பற்றவைத்தபோது நெருப்பு பொப்பென்று ஒரு சாண் எழும்பி அடங்கியது. புருவத்தில் பாதி பொசுங்கிவிட்டது. "பர்னர்ல அழுக்கு இருக்கும்" என்று சொல்லித் தேய்த்துக் கொடுத்தார். தேய்த்த இடத்தையே அவர் மறுபடி மறுபடி தேய்ப்பதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி என் வேலையைப் பார்த்தேன்.

பன்னிரண்டாம் நாள் சின்னதின் பிறந்தநாள். காலையில் கனத்த பாத்திரத்தில் மாவை ஊற்றி மூடி போட்டு அடுப்பிலேயே கேக் சுட்டேன். அவர் பக்கத்தில் நின்று பாத்திரம் கழுவினார். பெரியவள் மேஜையில் உட்கார்ந்து கிரீம் அடித்தாள். ஜன்னல் திறந்திருந்தது, நல்ல காற்று. அடுப்பை அணைத்துவிட்டு, பாத்திரம் ஆறட்டும் என்று அப்படியே வைத்தேன்.

ஒரு மணிக்குத் தெருவில் ஒலிபெருக்கி வந்தது. கிருமிநாசினி அடிக்கப் போகிறோம், எல்லா ஜன்னல்களையும் சாத்துங்கள், நாங்கள் சொல்லும் வரை திறக்காதீர்கள் என்று. சாத்தினோம். இடுக்கில் ஈரத்துணிகூடத் திணித்தோம். வண்டி உறுமிக்கொண்டே தெருவில் ஊர்ந்தது. கண்ணாடிக்கு வெளியே வெள்ளைப் புகை நின்றது. நாலு மணி வரை திறக்கச் சொல்லி யாரும் வரவில்லை. நாங்கள் வழக்கம்போலத் தூங்கினோம். எழுந்தபோது தலை பாறாங்கல்லாக இருந்தது.

"வாங்க வாங்க, கேக் வெட்டலாம்" என்று அவர்தான் உற்சாகமாகக் கூப்பிட்டார். சமையலறை மேஜையில் காகித விரிப்பு, ஐந்து மெழுகுவத்திகள், தீப்பெட்டி. சின்னது மட்டும் உள்ளே வரவில்லை. கூடத்தில் சுவரோடு ஒட்டி நின்றது.

"இங்கயே ஊதுறேன்ப்பா."

"அங்க இருந்து ஊதினா மெழுகுவத்தி அணையுமாடி? வாடா செல்லம்."

"தல வலிக்குது. இங்கயே ஊதுறேன்."

பிடிவாதக்காரி, யாரைக் கொண்டு பிறந்ததோ என்று சொல்லிக்கொண்டே நான் பாத்திரத்தைத் தட்டில் கவிழ்த்தேன். கேக் சொத்தென்று விழுந்தது. அடிப்பக்கம் கரி. ஓரத்தில் கொஞ்சம் கருகியது என்று இல்லை, இரண்டு விரல் ஆழத்துக்குக் கட்டிக் கரி.

அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த அளவுக்குக் கருகுவதென்றால் வீடு முழுக்கத் தீய்ந்த வாடை அடித்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது, சரி. அடுப்புக்கு ஒரு கை தூரத்தில் நின்று பாத்திரம் கழுவியவருக்கு? மூன்றாவது மாடி, இடது பக்கம் என்று சொல்கிறவருக்கு? மேஜையில் உட்கார்ந்திருந்தவளுக்கு? திரிந்த பால் காப்பி அருமை என்றவர் இவர். பால் கருகியபோது சும்மா உட்கார்ந்திருந்தவள் அவள்.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் தீக்குச்சியைப் பெட்டியில் வைத்து உரசப் போனார்.

"நிறுத்துங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பெரியவள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. "குச்சியக் கீழ வைங்க. வைங்கன்னு சொல்றேன்ல!"

"என்ன ஆச்சு உனக்கு?"

"எனக்கு வாசனை தெரியாமப் போயி பன்னெண்டு நாளாச்சுங்க."

அவர் வாய் திறந்தபடி நின்றார். குச்சி விரலுக்கு நடுவிலேயே இருந்தது. பிறகு மெதுவாக அதை மேஜையில் வைத்தார், ஏதோ குழந்தையைப் படுக்க வைப்பதுபோல.

"எனக்குப் பதிமூணு நாளு" என்றார்.

"அப்படின்னா அடுப்ப நகர்த்தினப்போ..."

"ஆமா."

"மோந்து பாத்துச் சுத்தம்னு சொன்னீங்களே!"

"மூக்கு போச்சுன்னா என் பொழப்பே போச்சு. ரெண்டு நாள்ல திரும்பிடும்னு நெனச்சேன். ஏதாவது கசிஞ்சா நீ சொல்லுவேன்னு நெனச்சேன். ஒவ்வொரு தடவையும் உன்னக் கேட்டேனே!"

"நீங்க இருக்கீங்கன்னு நான் இருந்தேன்யா!"

பெரியவள் அழ ஆரம்பித்தாள். "எனக்கும்மா" என்றாள். "ஒரு வாரமா. சொன்னா அந்த வண்டி வரும்ல."

மூன்று பேரும் ஒரே சமயத்தில் கூடத்தைத் திரும்பிப் பார்த்தோம். வீட்டில் வேலை செய்த ஒரே மூக்கு அங்கே சுவரோடு ஒட்டி நின்றது.

அவர் போய் அதன் முன்னால் மண்டியிட்டார். "தங்கம், அப்பா திட்ட மாட்டேன். நெசத்தச் சொல்லு. இப்ப அந்த நாத்தம் வருதா?"

அது அவரைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. மேஜையில் இருந்த கேக்கைப் பார்த்தது.

"இல்லப்பா" என்றது.

அவர் பெருமூச்சு விட்டார். "அவளுக்குத்தான் மூக்கு நல்லா இருக்கே. அவ இல்லன்னா இல்லதான்" என்று எழுந்தார். நானும் நம்பத்தான் பார்த்தேன். நம்புவதற்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. ஆனால் அது கவுன் கழுத்தை இழுத்து மூக்குவரை ஏற்றி, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கண்ணில் மட்டும் சிரிக்கிற மாதிரி ஒரு பாவனை.

"ஏங்க, அவளப் பாருங்க" என்றேன்.

அவர் பார்த்தார். கிண்ணத்தில் சோப்பைக் கரைத்து எடுத்துப் போய், அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு டியூப் மேல் ஊற்றினார். அலமாரியின் காலுக்கடியில் டியூப் நசுங்கிக் கிடந்தது. அந்த இடத்தில் குமிழி கிளம்பியது. முதலில் கடுகு அளவு, அப்புறம் கோலி அளவு, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வந்துகொண்டே இருந்தது. புழுக்கம் தாங்காமல் பெரியவள் மின்விசிறி பக்கம் கை நீட்டினாள்.

"ஸ்விட்சத் தொடாத!" அவர் குரல் அப்படிக் கிறீச்சிட்டு நான் கேட்டதே இல்லை. "எதையும் தொடாதீங்க. எல்லாரும் வெளிய போங்க."

நான் சின்னதை வாரிக்கொண்டு ஓடினேன். அவர் அலமாரியைத் தள்ளிச் சாய்த்து வால்வை மூடினார். மருந்துப் புகை வந்தால் வரட்டும் என்று ஜன்னல்களைத் திறந்துவிட்டு, படிக்கட்டுக்கு வந்து எங்களோடு உட்கார்ந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"ஏண்டி இல்லன்னு சொன்ன?" என்றேன் சின்னதிடம். திட்டாமல்தான் கேட்டேன், கேட்கும்போதே அழுதுவிட்டேன்.

"நாத்தம்னு சொன்னா பொறந்தநாள் கிடையாதுன்னு நீதானம்மா சொன்ன."

பன்னிரண்டு நாளாக அந்த வீட்டில் உண்மை பேசியது அது ஒன்றுதான். அதன் வாயை அடைத்ததில் எங்கள் மூன்று பேருக்கும் பங்கு உண்டு, எனக்குக் கூடுதல் பங்கு. அடித்திருந்தால்கூடத் தேவலை, நான் கேக்கைக் காட்டிப் பொய் சொல்லப் பழக்கியிருக்கிறேன்.

அவர் போனை எடுத்தார். கம்பெனிக்கு அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். ரேடியோவில் சொல்லும் எண்ணை அழுத்தினார். நான் தடுக்கவில்லை. அந்தப் பக்கம் பேசிய பெண்ணின் குரல் வெளியே கேட்கும்படி வைத்தார்.

"வீட்டுல எத்தன பேருக்குங்க வாசனை தெரியல?"

"மூணு பேருக்கு."

"மொத்தம் எத்தன பேரு?"

"நாலு."

"நாலாவது யாரு?"

"சின்னப் பொண்ணு. அஞ்சு வயசு. இன்னிக்குத்தான் அஞ்சு."

"கொழந்தைக்கு வாசனை தெரியுதா? சரியாச் சொல்லுங்க, அதப் பொறுத்துத்தான் எந்த எடம்னு எழுதணும்."

அவர் திரும்பிச் சின்னதைப் பார்த்தார். சின்னது என் மடியிலிருந்து நிமிர்ந்தது. தபால்காரரையும் அவர் மனைவியையும் பிரித்து ஏற்றியதை அன்று பால்கனியில் எங்களோடு நின்று அதுவும் பார்த்திருந்தது. எங்கள் மூன்று பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தது. எதைச் சொன்னால் எங்களுக்குப் பிடிக்கும் என்று தேடுகிறது என்பது எனக்குத் தெரிந்தது.

"எனக்கும் தெரியாது" என்றது போனைப் பார்த்து, சத்தமாக.

சும்மா இருந்திருக்கலாம். நாலு பேரும் ஒரே வண்டியில் போயிருக்கலாம். நோய் பிடித்தவர்கள் நடுவில், நோய் பிடிக்காத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நான் இருந்திருக்கலாம், அதன் விரல்கள் என் தலைமுடியில் இருந்திருக்கும். ஒரு நிமிஷம் அந்த ஆசையோடு போராடினேன். பிறகு அவர் கையிலிருந்த போனை வாங்கினேன்.

"அவளுக்கு நல்லாத் தெரியுதுங்க. எங்க வீட்டுல அவளுக்கு மட்டுந்தான் தெரியுது" என்றேன்.

சின்னது என் வாயைப் பொத்தப் பார்த்தது. முடியவில்லை என்றதும் என் தோளை இரண்டு கையாலும் அடித்தது. "அம்மா பொய் சொல்றா" என்று அலறியது. "எனக்கு எந்த நாத்தமும் தெரியாது. சத்தியமா தெரியாது. இனிமே சொல்லவே மாட்டேன்மா."